ஆராதனையில் கண்ணீர் வரவில்லை என்றால் தேவப் பிரசன்னம் எனக்கு இல்லை என்று பொருளா?

சபையில் எல்லோரும் கையை உயர்த்திக் கண்ணீர் விடும்போது உங்கள் உள்ளம் மட்டும் அசையவில்லை, தேவப் பிரசன்னத்துக்கு எப்படித்தான் பதில் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேதத்தில் தேவனைச் சந்தித்தவர்களில் பயந்து நடுங்கியவர்கள் பலர். மோசே தேவன் பேசிய எரியும் முட்செடிக்கு முன் முகத்தை மூடிக்கொண்டார். ஏசாயா 'ஐயோ, அதமானேன்' என்றார். பேதுரு, நான் பாவி, என்னைவிட்டுப் போய்விடும் என்று இயேசுவின் காலில் விழுந்தார். மூவருக்கும் கையோடு ஒரு வேலை வந்து சேர்ந்தது.

ஆனால் உங்கள் கேள்விக்கு ஏற்ற ஆள் எலியா தீர்க்கதரிசிதான் (1 இராஜாக்கள் 19). தம்மைக் கொல்லத் தேடிய ராணி யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, போதும் கர்த்தாவே என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டவர். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடு என்றான். சோர்ந்து போனவரைப் பார்த்ததும் உபதேசத்தை அவிழ்த்துவிடும் நம்மவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானித்துப் படிக்கலாம்.

பிறகு 40 நாள் நடந்து ஓரேப் மலை. பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி. அவற்றில் கர்த்தர் இல்லை. கடைசியில் மெல்லிய சத்தம். எலியா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு கெபியின் (குகையின்) வாசலில் வந்து நின்றார்.

'எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?' என்று கர்த்தர் கேட்கிறார். காற்றுக்கு முன்பும் இதே கேள்வி, சத்தத்துக்குப் பின்பும் இதே கேள்வி. இரண்டு முறையும் அவர் சொல்வது ஏறக்குறைய வார்த்தை மாறாத ஒரே புலம்பல்: நான் ஒருவன்தான் மீதி, என்னையும் கொல்லத் தேடுகிறார்கள். அப்பேர்ப்பட்ட சந்திப்புக்குப் பிறகும் மனிதரின் மனநிலை மாறவில்லை! கர்த்தரும் அதற்காகக் கடிந்துகொள்ளவில்லை. வந்த வழியே திரும்பிப் போய் ஆசகேலையும் யெகூவையும் ராஜாக்களாகவும், எலிசாவைத் தீர்க்கதரிசியாகவும் அபிஷேகம் பண்ணு என்கிறார். பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் மடக்காத 7,000 பேர் இன்னும் இருக்கிறார்கள் என்கிறார். எலியா புறப்பட்டார். வயலில் உழுதுகொண்டிருந்த எலிசாவின் மேல் தம் சால்வையைப் போட்டார். அந்தப் புறப்பாட்டைத்தான் நான் பதில் என்கிறேன். அழுகை வந்தால் வரட்டும், அது கணக்கில் சேராது.

உணர்ச்சி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில பழக்கங்கள் எல்லாச் சபைகளிலும் உண்டு. எங்கள் பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவோம். திருவிருந்துக்குப் பீடத்தின் முன் முழங்காலிட்டு, உள்ளங்கை மேல் உள்ளங்கை வைத்து அப்பத்தை ஏந்துவோம். கத்தோலிக்கர் நற்கருணை அப்பம் வைத்திருக்கும் பேழைக்கு முன் மண்டியிடுகிறார்கள். மனம் வறண்டு கிடக்கும் நாளிலும் முழங்கால் மடங்கும்.

மத்தேயு 5-ஐயும் பாருங்கள். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனின் மனக்குறை நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகிவிட்டு வா என்கிறார் இயேசு. வரும் ஞாயிற்றுக்கிழமை பாடல் வேளையில் யாருடைய முகமாவது உறுத்தினால், ஆராதனை முடிந்ததும் அவருக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.

கையை உயர்த்தாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார், கவலைப்படாதீர்கள்.