விலை கொடுத்து வாங்கிய இசை மென்பொருளுக்கு டாங்கிள் எதற்கு?

முழு விலை கொடுத்த பிறகும், டாங்கிள் என்ற பென்டிரைவ் போன்ற சிறு யுஎஸ்பி சாவியைச் செருகினால்தான் இசை மென்பொருள் திறக்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வாங்கியது மென்பொருளை அல்ல; அதைப் பயன்படுத்தும் உரிமத்தை. அந்த உரிமம் டாங்கிளுக்குள் இருக்கும் சிப்பில் பதிந்திருக்கிறது. மென்பொருள் அதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் இயங்கும். வேறு கணினிக்குப் போனாலும் பிடுங்கிச் செருகினால் போதும் என்பது வசதிதான்.

ஆனால் அது கெட்டுப்போனால்? எனக்கு நடந்தது. பாடகர் மைக் முன்னால் நிற்கிறார். மடிக்கணினியை நகர்த்தியபோது டாங்கிள் மேசை விளிம்பில் இடித்து வளைந்துவிட்டது. அன்றைய ஒலிப்பதிவே போயிற்று. திருட்டுப் பதிப்பு வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

நிலைமை மாறிவருகிறது. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 2022இல் வெளியிட்ட கியூபேஸ் 12 என்ற ஒலிப்பதிவு மென்பொருள் முதல் டாங்கிளைக் கைவிட்டது. ஒரே உரிமத்தை மூன்று கணினிகளில் வைத்துக்கொள்ளலாம். ஒலியை மெருகேற்றும் துணை மென்பொருள்களை விற்கும் வேவ்ஸ் நிறுவனம் 2023 மார்ச்சில் இனிச் சந்தா மட்டுமே என்று அறிவித்தது. பயனர்கள் கொதித்தெழுந்ததும் சில நாள்களிலேயே பின்வாங்கியது. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன் பிறகும் பூட்டாது, வாங்கும்படி நினைவூட்டும், அவ்வளவுதான். வாடிக்கையாளரை நம்பியும் தொழில் நடத்த முடிகிறதே!

அடுத்த முறை வாங்கும் முன், கணினி பழுதானால் அதிலிருக்கும் உரிமத்தை நீங்களே விடுவித்து வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கட்டாயம் பாருங்கள்.