வெள்ளைப் புள்ளியா, வெல்வெட்டா?

கேள்வி: என் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள், ஒரு மஞ்சள் டாங் மீன், கொஞ்சம் பவளம். டாங்கின் மேல் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. காப்பர் மருந்தை அப்படியே ஊற்றலாமா?

பதில்: ஊற்றிவிடாதீர்கள். காப்பர் பவளத்தைக் கொன்றுவிடும். பாறையும் மணலும் அதை உறிஞ்சுவதால் மருந்தின் அளவும் நிலைக்காது.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். மஞ்சள் உடலில் நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. உப்புக்கல் ஒட்டியதுபோல் எண்ணக்கூடிய புள்ளிகள் என்றால் கிரிப்டோகேரியான், அதாவது வெள்ளைப் புள்ளி நோயின் ஒட்டுண்ணி. சில நாளில் அவை உதிர்ந்ததும் குணமாகிவிட்டது என்று ஏமாறுபவர்களே அதிகம். ஒட்டுண்ணி தொட்டியின் அடியில் பெருகிக்கொண்டிருக்கும். மாவு தூவியதுபோல் படலம், செவுள் படபடப்பு, பம்ப்பின் நீரோட்டத்தில் முகம் வைத்து நிற்பது இருந்தால் வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய். அது செவுளையும் தாக்குவதால் மீன் ஓரிரு நாளில் போய்விடலாம். கோமாளி மீனின் தோல் சளியாக உரிந்தால் புரூக்ளினெல்லா என்ற வேறொரு ஒட்டுண்ணி. அதற்குக் காப்பர் உதவாது.

முதல் இரண்டுக்கும், மணலில்லாத தனித் தொட்டியில் பிவிசி குழாய்த் துண்டுகளும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வைத்து, எல்லா மீன்களையும் மாற்றுங்கள். கீலேட் காப்பர் (நீரில் நிலைத்து நிற்கும்படி பிணைத்த வகை) என்றால் 2 முதல் 2.5 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), 30 நாள். தினமும் அளக்க வேண்டும், அம்மோனியாவையும் சேர்த்து. ஃபில்டரில் கார்பன் (கரித்துகள்) போட்டால் அது உறிஞ்சிவிடும், மருந்து போச்சு. அங்கே மிஞ்சிய ஒட்டுண்ணி சாக, பெரிய தொட்டி 76 நாள் மீனில்லாமல் கிடக்கட்டும். பவளம் அங்கேயே இருக்கலாம்.