கீரைப் பாத்தியும் பக்கத்து வீட்டுப் பூனைகளும்

கேள்வி: கொல்லையில் மூன்று பாத்தி கட்டி சிறுகீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி போட்டு வருகிறேன். பக்கத்து வீட்டில் நாலு பூனைகள். மண்ணைக் கொத்தி விதை தூவிய மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி கிளறிக் கிடக்கிறது, உள்ளே அசிங்கம். அந்த வீட்டு அக்காவோடு பல வருடப் பழக்கம், மனஸ்தாபம் வேண்டாம் என்று பொறுத்துப் போகிறேன். என் கணவர், சாக்கில் பிடித்து மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிடலாம் என்கிறார். மருமகள் முழுகாமல் இருக்கிறாள், இது ஐந்தாம் மாதம். இந்தக் கீரையை அவளுக்குக் கொடுக்கலாமா என்றும் பயமாக இருக்கிறது.
— வாசகி, கும்பகோணம்

பதில்: சாக்கு வேண்டாம் அம்மா, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் வளர்ந்த பூனையைத் தெரியாத இடத்தில் விட்டால், அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் அதை அடித்து விரட்டும். பட்டினி கிடக்கும், வண்டியில் அடிபடும். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. விஷம் வைத்தால் இன்னும் கடுமை: பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. சட்டத்தை விடுங்கள், அந்த அக்கா தன் பூனையைத் தேடி உங்கள் வாசலில் வந்து நின்றால் என்ன பதில் சொல்வீர்கள்? அதோடு, ஒரு பூனை காலி செய்த இடத்துக்குத் தெருவிலிருந்து இன்னொன்று வந்துவிடும்.

பூனை உங்கள் மேல் கோபத்தில் செய்யவில்லை. அதற்கு உதிரியான, பொடியான, காய்ந்த மண் வேண்டும். தோண்ட வேண்டும், பிறகு மூட வேண்டும். தெருவில் யார் வீட்டு வாசலில் கட்டட மணல் கொட்டினாலும் முதலில் போய் உட்கார்வது பூனைதான், பார்த்திருப்பீர்கள். நீங்கள் கொத்தி, கட்டி உடைத்து, மக்கிய எரு கலந்து பதமாக வைத்திருக்கும் பாத்தியைவிட நல்ல இடம் அந்தத் தெருவிலேயே அதற்குக் கிடையாது. ஒரு தடவை போன இடத்தில் வாடை தங்கிவிடும், வாடை இருக்கும் வரை திரும்ப அங்கேயே வரும். ஆகவே நாம் மாற்ற வேண்டியது மண்ணைத்தான்.

அசுத்தமான இடத்தில் மேல் மண்ணை நாலு விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அதை எருக்குழியில் போடாதீர்கள், காய்கறிக்குப் போடும் எருவில் பூனை மலம் சேரவே கூடாது. விதை தூவி நீர் தெளித்ததும் தென்னங்கீற்றை அப்படியே பாத்தி மேல் படுக்க வைத்து, நாலு மூலையிலும் செங்கல் வையுங்கள். முளை கண்டதும் கீற்றை எடுத்துவிட்டு, மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்துக் குத்தி, மேலே வலையை இழுத்துக் கட்டுங்கள். பழைய கொசுவலை போதும். தொளதொளவென்று விடாதீர்கள், குட்டிப் பூனையும் அணிலும் ஓணானும் சிக்கிக்கொள்ளும். கீரை ஒரு சாண் உயரம் வந்து அடர்ந்துவிட்டால் வலையை எடுத்துவிடலாம். தோண்ட இடமில்லாத பாத்தியில் பூனை உட்காராது. ஆபத்தான காலம் விதைப்பிலிருந்து அதுவரைதான்.

கோழி வலையை மண்ணுக்குள் புதைக்கச் சொல்வார்கள். கத்தரி, வெண்டை போன்றவற்றுக்கு அது நன்றாக வேலை செய்யும். வேரோடு பிடுங்கும் சிறுகீரைக்குச் சரிப்படாது, பிடுங்கும்போது வலையும் சேர்ந்து வரும்.

அறுவடை முடிந்த பாத்தியைச் சும்மா போடாதீர்கள். வைக்கோலோ காய்ந்த சருகோ கனமாக மூடாக்குப் போட்டு, சாயங்காலம் ஒரு தடவை தண்ணீர் தெளித்துவிடுங்கள். பூனைகள் பெரும்பாலும் அந்தி நேரத்திலும் விடியற்காலையிலும் நடமாடும். அந்த நேரத்தில் மண் ஈரமாக இருந்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அது எங்கேதான் போகும்? அதற்கென்று ஓர் இடம் வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி, அரையடி ஆழம், உலர்ந்த மணல், மேலே மழை படாமல் ஒரு தகரத் துண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத மூலை. முதல் நாள் அதன் மலத்திலேயே கொஞ்சம் எடுத்து அந்த மணலில் போட்டு வையுங்கள், வாடை பிடித்து வந்துவிடும். இது பூனை வளர்க்கிறவர் வீட்டில் இருப்பதுதான் முறை. நீங்கள் பாத்தி வேலையில் இறங்குகிற அதே நாளில், ஒரு கட்டு கீரையோடு அக்காவைப் போய்ப் பாருங்கள். "உங்க பூனை என்ன பண்ணுது தெரியுமா" என்று தொடங்காமல், "அக்கா, மருமக இந்தக் கீரைதான் சாப்பிடுறா, டாக்டர் ஜாக்கிரதையா இருக்கச் சொல்றாங்க, உங்க கொல்லையில ஒரு மணல் தொட்டி வச்சா எனக்கு ரொம்ப உதவியா இருக்கும், மணல் நான் தர்றேன்" என்று கேளுங்கள். மறுக்க மாட்டார். தொட்டியைத் தினமும் அள்ள வேண்டும், அழுக்கானால் பூனை மறுபடி உங்கள் பாத்திக்கே வரும். அதே பேச்சில் கருத்தடை பற்றியும் சொல்லிவிடுங்கள். பெட்டைப் பூனை ஐந்து மாத வயதிலேயே சினை பிடிக்கும், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குட்டி போடும். இன்றைக்கு நாலு, அடுத்த வருடம் எத்தனை? கடுவனுக்கு அறுவை செய்தால் சுவரில் பீய்ச்சுகிற பழக்கமும் பெரும்பாலும் நின்றுவிடும். அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

மருமகள் விஷயம். பயம் நியாயமானது, ஆனால் கீரையை நிறுத்த வேண்டியதில்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனை மலத்தில் வரலாம், கர்ப்பிணிக்குத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். ஒரு பூனை பொதுவாக முதல் தடவை தொற்றும்போதுதான், சில வாரம் வரை, அதை வெளியேற்றும். வெளியே வந்த உடனே அது தொற்றாது, ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். தினமும் அள்ளச் சொல்வது இதனால்தான். ஆனால் மண்ணில் மாதக்கணக்கில், சாதகமான இடத்தில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அதனால் மருமகள் பாத்தியில் கை வைக்க வேண்டாம். நீங்களும் உறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கீரையை மூன்று நாலு தண்ணீரில் அலசி நன்றாக வேகவைத்தால் பயமில்லை. அந்தப் பாத்திக் கொத்தமல்லியைப் பச்சையாகத் துவையல் அரைத்து மட்டும் இப்போதைக்கு அவளுக்குக் கொடுக்காதீர்கள். பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் பூனை விஷயத்தைச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: மாடித்தோட்டத்துப் பைகளில் பூனை போகிறது. பினாயில், பாச்சை உருண்டை, மிளகாய்த்தூள், நீலம் கலந்த தண்ணீர் பாட்டில் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சரி?
— வாசகர், மதுரை

பதில்: ஒன்றும் சரியில்லை. நீலத் தண்ணீர் பாட்டில் யாருக்கும் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. மற்ற மூன்றும் கொடுமை. பினாயிலில் இருக்கும் பீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. நான் கால்நடைத் துறையில் வேலை பார்த்தபோது, பினாயில் ஊற்றிய தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கிய பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாயெல்லாம் நுரை, நிற்க முடியாமல் தள்ளாடியது. அதைப் பார்த்தவர் யாரும் மறுபடி அந்தப் புட்டியைத் தோட்டத்துக்கு எடுத்துப் போக மாட்டார்கள். பாச்சை உருண்டையின் நாப்தலீனும் விஷம்தான், பூனைக்கு மட்டுமல்ல, அதை மிட்டாய் என்று எடுக்கும் குழந்தைக்கும். மிளகாய்த்தூள் பாதத்தில் ஒட்டி, அந்தப் பாதத்தால் முகம் துடைக்கும்போது கண்ணுக்குப் போகும். ஃபில்டர் காபிச் சக்கையும் வேண்டாம், காபியில் உள்ள காஃபீன் பூனைக்கு ஆகாது.

உங்கள் பையில் தென்னை நார்க்கழிவு நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். காய்ந்தால் அது பூனைக்கு மெத்தென்ற மணல் மாதிரி. செடியைச் சுற்றி முக்கால் அங்குல ஜல்லியையோ உடைந்த ஓட்டுத் துண்டுகளையோ நெருக்கமாகப் பரப்புங்கள். சின்னப் பை என்றால் பழைய விளக்குமாற்று ஈர்க்கை அரையடிக்கு நறுக்கி, கூரான நுனியை நீக்கிவிட்டு, நாலு விரல் இடைவெளியில் நட்டு வையுங்கள். திரும்பி உட்கார இடம் இருக்காது.

இன்னொன்று, பைகளில் தானாக முளைத்த குப்பைமேனி இருக்கிறதா பாருங்கள். பூனைவணங்கி என்றும் சொல்வார்கள். அதன் வேர் வாசனைக்குப் பூனை வந்து புரளும். களை எடுக்கும்போது வேர் அறுந்து மண்ணில் தங்காமல் முழுசாகப் பிடுங்கி, மாடியிலேயே ஒரு மூலையில் குவித்து வைக்காமல் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள்.