வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு ரேம் வேண்டும்? கேள்வி பதில்

கேள்வி: சார், மகளின் காலேஜ் படிப்புக்கு லேப்டாப் வாங்கப் போகிறேன். கடையில் "512 ஜிபி மெமரி" என்கிறார்கள். போதுமா?

பதில்: அது எஸ்எஸ்டி, அதாவது ஃபைல்களைச் சேர்த்து வைக்கும் இடம். ரேம், அதாவது திறந்து வைத்த வேலைகளை கம்ப்யூட்டர் தற்காலிகமாக வைத்து ஓட்டும் இடம், எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் 4 ஜிபி, அதை நிறுவத் தேவையான குறைந்தபட்சம் மட்டுமே. அதை நம்பி வாங்கினால் குழந்தை தினமும் அவதிப்படும். 8 ஜிபியில் படிப்பு வேலை ஓடிவிடும். நாலைந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் 16 வாங்குங்கள். மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேமை போர்டிலேயே சாலிடர் செய்திருப்பார்கள், பிறகு கூட்டவே முடியாது.

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது 8 ஜிபி. குரோமில் பத்து டேப் திறந்தாலே திணறுகிறது. 16 ஆக்கினால் சரியாகுமா?

பதில்: பணம் போடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வழக்கமாகத் திறப்பதையெல்லாம் திறந்து வைத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. அங்கே 7.3 ஜிபி போல ஏறி நின்று, டேப் மாற்றும்போதெல்லாம் டிஸ்க்கும் துள்ளினால் ரேம் பற்றவில்லை. இடம் கொள்ளாததை விண்டோஸ் டிஸ்க்கில் இருக்கும் பேஜ் ஃபைலுக்குத் தள்ளுகிறது, கேட்கும்போது திரும்ப எடுத்து வருகிறது. அந்த நேரம்தான் உங்களுக்குத் திணறலாகத் தெரிகிறது.

மெமரி 5 ஜிபியோடு நின்று, டிஸ்க் மட்டும் 100% காட்டுகிறதா? உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் முதலில் அதை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். என் தங்கையின் லேப்டாப்பில் இதை மட்டும்தான் செய்தேன், 8 ஜிபியிலேயே இன்றும் நன்றாக ஓடுகிறது.

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பில் 8 ஜிபி போட்டும் 3 ஜிபி சொச்சம்தான் பயன்படும் என்று காட்டுகிறதே, ரேம் பழுதா சார்?

பதில்: பழுதாக இருக்காது, உங்கள் விண்டோஸ் 32 பிட் என்ற பழைய வகையாக இருக்கும். அதற்கு 4 ஜிபிக்கு மேல் எட்டாது, அதிலும் ஒரு பகுதி கிராஃபிக்ஸ் போன்றவற்றுக்குப் போய்விடும். 64 பிட் போடுங்கள். 32 பிட்டிலிருந்து அப்படியே அப்கிரேட் ஆகாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். ஃபோட்டோக்களை முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: டிடிஆர்3 ரேம் ஸ்லாட்டில் அடுத்த தலைமுறை டிடிஆர்4 ரேம் போடலாமா?

பதில்: போகாது. அடியில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். தயவுசெய்து அழுத்தித் திணிக்காதீர்கள். லேப்டாப்பில் சரியான ஸ்டிக் என்றால் சாய்வாக உள்ளே போய், கீழே அமுக்கியதும் இரண்டு பக்கக் கிளிப்பும் 'டக்'கென்று பிடிக்கும்.

கேள்வி: யூடியூபுக்கு வீடியோ எடிட் செய்கிறேன். 64 ஜிபி தேவையா அண்ணா?

பதில்: ஃபுல் எச்டிக்கு 16, 4கே என்றால் 32 போதும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால், ஒரே 32 ஜிபி ஸ்டிக்குக்குப் பதில் இரண்டு 16 போடுங்கள். கிராஃபிக்ஸும் அதே ரேமில்தான் ஓடுகிறது, இரண்டு சேனலில், அதாவது இரண்டு பாதையில் ஓடும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும்.