மூன்று கட்டையும் ஒரு கொப்பியும்: தனியாக ஆடும் மேசைக் கிரிக்கெட் கேள்வி பதில்

வீரர்களின் உண்மையான கணக்கை வைத்து, லூடோக் கட்டை உருட்டி, முழு ஆட்டத்தையும் தனி ஆளாக மேசையில் நடத்துவது என் நெடுநாள் பொழுதுபோக்கு. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கொக்குவிலில் இருந்து: அண்ணை, இது வகுப்பில் விளையாடின புத்தகக் கிரிக்கெட்தானே? இதில் புதுசா என்ன இருக்கு?

இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது தம்பி. புத்தகத்தைத் திறந்து இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்ப்போம். 0, 2, 4, 6, 8 இந்த ஐந்தில் ஒன்றுதான் வரும். 0 என்றால் ஆட்டமிழப்பு. அப்படியானால் சராசரியாக 5 பந்துக்கு ஒரு விக்கெட் விழும், அதற்குள் 20 ஓட்டம் வந்திருக்கும். 10 விக்கெட்டும் 50 பந்தில் முடிந்துவிடும், ஓட்டமோ 200. எண்ணிக்கை பொருந்துகிறது, வேகம் பொருந்தவில்லை. ஓட்டமே இல்லாமல் போகும் பந்துகள் அதில் கிடையாது. கிரிக்கெட்டின் பாதி அழுத்தம் அந்தப் பந்துகளில்தான் இருக்கிறது.

அதைவிடப் பெரிய குறை, துடுப்பாட்டக்காரர் அரவிந்த டி சில்வா ஆடினாலும் பந்துவீச்சாளர் முரளிதரன் ஆடினாலும் புத்தகத்துக்கு ஒன்றுதான். ஆளுக்கு ஆள் வேறுபடும் அட்டை வந்த பிறகுதான் இந்த விளையாட்டுக்கு உயிர் வந்தது. அமெரிக்காவில் பேஸ்பாலுக்கு இதை 1951இல் ஆப்பா என்ற விளையாட்டும், 1961இல் ஹால் ரிச்மன் வெளியிட்ட ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கும் செய்து காட்டின. நாம் அந்த வழியைக் கிரிக்கெட்டுக்குத் திருப்பிக்கொள்கிறோம்.

நல்லூரில் இருந்து: வீரருடைய அட்டையை எப்படித் தயாரிப்பது? கணக்கில் நான் கொஞ்சம் மட்டம்.

பெருக்கலும் வகுத்தலும் போதும். சிவப்பு, வெள்ளை, பச்சை என மூன்று கட்டை எடுங்கள். சிவப்பை நூறு, வெள்ளையைப் பத்து, பச்சையை ஒன்று என்று வாசியுங்கள். 111 முதல் 666 வரை மொத்தம் 216 எண் வரும், எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. இரண்டு கட்டையில் 36 எண்தான் கிடைக்கும். அதில் ஆட்டமிழப்புக்கு ஒன்றைக் கொடுத்தாலே 36 பந்துக்கு ஒரு விக்கெட் என்றாகிவிடும், நல்ல துடுப்பாட்டக்காரருக்கு அது அநியாயம்.

சராசரி 40 (ஒருமுறை ஆட்டமிழக்க முன் எடுக்கும் ஓட்டம்), ஸ்ட்ரைக் ரேட் 80 (நூறு பந்துக்கு எடுக்கும் ஓட்டம்) உள்ள ஒருவரை எடுப்போம். 40 ஓட்டம் எடுக்க அவருக்கு 50 பந்து வேண்டும். 216ஐ 50ஆல் வகுத்தால் 4 சொச்சம், ஆகவே 4 எண் ஆட்டமிழப்பு. 216 பந்தில் 80 வீதப்படி 173 ஓட்டம் வரவேண்டும். நான் இப்படிப் பிரிப்பேன்: 111 முதல் 114 வரை ஆட்டமிழப்பு, 115, 116, 121 மூன்றும் ஆறு, 122 முதல் 145 வரை நான்கு, 146 முதல் 166 வரை இரண்டு, 211 முதல் 355 வரை ஒன்று, மிச்சம் எல்லாம் ஓட்டமில்லாப் பந்து. கூட்டிப் பாருங்கள், சரியாக 173 வரும். அடித்து ஆடுபவர் என்றால் ஒன்றுகளைக் குறைத்து ஆறுகளைக் கூட்டுங்கள்.

வட்டுக்கோட்டையில் இருந்து: இதில் பந்துவீச்சாளருக்கு வேலையே இல்லையே?

நல்ல கேள்வி. நானும் முதலில் இங்கேதான் தடுக்கி விழுந்தேன். பந்துவீச்சாளருக்கும் அதே மாதிரி ஒரு அட்டை செய்யுங்கள். நான்காவது கட்டை ஒன்றையும் சேர்த்து உருட்டுங்கள். 1, 2, 3 விழுந்தால் துடுப்பாட்டக்காரரின் அட்டை, 4, 5, 6 விழுந்தால் பந்துவீச்சாளரின் அட்டை. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கிலும் முதல் கட்டை இப்படித்தான் வழி பிரிக்கும்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாதி நேரம் மற்றவரின் அட்டையைப் பார்ப்பதால் எல்லாரும் நடுத்தரத்தை நோக்கி இழுபடுவார்கள், கடைசி ஆட்டக்காரரும் அரைச்சதம் அடிக்கத் தொடங்குவார். அதனால் அட்டையில் வித்தியாசத்தை இரட்டிப்பாக்க வேண்டும். 36 பந்துக்கு ஒரு விக்கெட் விழும் தொடர் என்றால் பொதுச் சராசரி 6 எண். நம்முடைய நல்ல ஆட்டக்காரருக்கு 4 எண் என்றால், 4ஐ இரட்டித்து 6ஐக் கழித்து 2 என்று எழுதுங்கள். கடைசி ஆட்டக்காரருக்கு 14 என்றால் 22 என்று எழுதுங்கள். சராசரிப் பந்துவீச்சாளரின் 6உடன் கலக்கும்போது அவை மீண்டும் 4க்கும் 14க்கும் வந்து நிற்கும். ஓட்டங்களுக்கும் இதே முறைதான்.

கட்டை எங்கே வாங்கலாம்? இரவில் உருட்டினால் வீட்டில் சத்தம் போடுகிறார்கள்.

லூடோக் கட்டையே போதும், எந்த விளையாட்டுச் சாமான் கடையிலும் கிடைக்கும். எல்லாம் வெள்ளையாகக் கிடைத்தால் நெயில் பாலிஷ் பூசுங்கள். பால்மாப் பேணி மூடிக்குள் பழைய சாரத் துண்டு ஒன்றை விரித்து அதற்குள் உருட்டுங்கள், சத்தமே வராது.

யாழ்ப்பாணம் நகரில் இருந்து: மத்திய கல்லூரி, சென். ஜோன்ஸ் பெரும் போரை இப்படி ஆடலாமா? மாணவர்களின் கணக்கு கொஞ்சம்தானே இருக்கும்?

தாராளமாக ஆடலாம். 1904இல் தொடங்கிய பள்ளிக் கிரிக்கெட் போட்டி, அதை மேசைக்குக் கொண்டுவராமல் வேறு எதைக் கொண்டுவருவது? ஒரு பையன் இரண்டு இன்னிங்ஸில் 40 பந்து ஆடி ஆட்டமிழக்கவே இல்லை என்று வையுங்கள். அப்படியே அட்டை போட்டால் அவனை யாரும் வீழ்த்த முடியாது. அதற்கு, எல்லாருக்கும் 108 பந்து, 3 ஆட்டமிழப்பு என்று பொதுக்கணக்கு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். அவன் 148 பந்தில் 3 முறை ஆட்டமிழந்தவன் ஆகிறான், அட்டையில் 4 எண் வரும். திறமையும் தெரியும், நம்பும்படியும் இருக்கும்.

சுன்னாகத்தில் இருந்து ஒரு அம்மா: தம்பி, மகன் எந்நேரமும் கட்டையோடு இருக்கிறான். இது சூதுதானே?

கட்டை என்றதும் சகுனி நினைவு வருவது இயல்பு அம்மா. ஆனால் இதில் பணயம் இல்லை, எதிராளியும் இல்லை. ஒருமுறை அவன் கொப்பியை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு பந்தும் பதிந்து, சராசரி வகுத்து, அட்டவணை போட்டிருப்பான். 50 ஓவர் ஆட்டத்துக்கு 600 முறை உருட்ட வேண்டும், மூன்று மணித்தியாலம் போகும். பரீட்சைக் காலத்தில் 20 ஓவர் போதும் என்று சொல்லுங்கள்.

உதைபந்தாட்டம்?

90 நிமிடத்தை ஐந்து ஐந்து நிமிடமாக 18 துண்டாக்குங்கள். ஆட்டத்துக்கு ஒன்றரைக் கோல் போடும் அணிக்கு இரண்டு கட்டையின் 36 எண்ணில் 3 எண் கோல்.

சாவகச்சேரியில் இருந்து: பிடித்த அணி தோற்கும்போது கட்டையைத் திரும்ப உருட்டியிருக்கிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

ஒருமுறை உருட்டியிருக்கிறேன். 1996 மார்ச்சில் நாங்கள் இடம்பெயர்ந்து உங்கள் பக்கம்தான் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அண்ணா மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ பேசும். அவர் கை களைத்தால் வர்ணனையாளரின் குரல் தேயும். லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியா 241, இலங்கை 23க்கு 2 விக்கெட் என்ற இடத்தில் குரல் தேய்ந்தது. அண்ணாவைத் தள்ளிவிட்டு நான் சுற்றினேன். அரவிந்த ஆட்டமிழக்காமல் 107.

பல வருடம் கழித்து அந்த ஆட்டத்துக்கு அட்டை செய்து ஆடினேன். அரவிந்த 3 ஓட்டத்தில் போனார். கட்டையை எடுத்துத் திரும்ப உருட்டினேன், சதம் அடித்தார், இலங்கை வென்றது. ஆனால் கொப்பியில் அதை எழுதக் கை வரவில்லை. பக்கத்தைக் கிழித்துவிட்டு, அரவிந்த 3 என்று எழுதி, அங்கிருந்தே மீண்டும் ஆடினேன். குருசிங்கவும் ரணதுங்கவும் 180 வரை இழுத்துப்போனார்கள். தோற்ற அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.