பால்வினை நோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்குச் செவிலியர் மனத்தளவில் எப்படி உதவலாம்?

முதல் வேலை, கதவைச் சாத்திவிட்டுத் தனியாகப் பேசுவது. பலர் வலியைவிட வெட்கத்தோடுதான் வருவார்கள். "யாரோடு, எப்போது" என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று முன்பே சொல்லிவிட்டால் அது விசாரணை போலத் தெரியாது.

அப்புறம், தெளிவான தகவலே பாதி பயத்தைப் போக்கிவிடும். சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா மூன்றும் ஆன்டிபயாடிக்கால் குணமாகக்கூடியவை. ஹெர்பிஸ் உடலிலேயே தங்கிவிடும், ஆனால் மாத்திரையால் அடக்கி வைக்கலாம். சிபிலிஸுக்குப் பென்சிலின் ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் சிலருக்குக் காய்ச்சல், நடுக்கம் வரும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், நோய் முற்றிவிட்டது என்று இரவெல்லாம் தவித்துப் போவார்கள்.

மிகக் கடினமானது துணையிடம் சொல்வது. செவிலியர் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டியது இங்கேதான் என்பேன். பல தொற்றுகள் அறிகுறியே இல்லாமல் மாதக்கணக்கில் இருக்கும். அதனால் இப்போது தெரியவந்ததை மட்டும் வைத்துத் துரோகம் என்று முடிவு கட்ட முடியாது. எந்த வார்த்தையில் பேச்சைத் தொடங்குவது என்று நோயாளியோடு சேர்ந்து ஒத்திகை பார்க்கலாம். சொன்னால் அடி விழும் என்ற அச்சம் இருந்தால் அவசரப்படுத்தவே கூடாது. தற்கொலை எண்ணம் தெரிந்தால் அவரைத் தனியாக விடாமல், உடனே மனநல மருத்துவரை அழையுங்கள்.