சைக்கிள் ஓட்டினா குழந்தைங்க கேன்சர் ஆராய்ச்சிக்கு எப்படி காசு சேரும்?

நேரா நன்கொடை குடுத்துட்டு போலாமே, எதுக்கு சைக்கிள்னு கேட்டிருக்கீங்க. டென்மார்க்ல ஆரம்பிச்ச, சைக்கிள் ஓட்டி நன்கொடை திரட்டுற டீம் ரின்கெபிங்கற குழுவை வச்சு சொல்றேன். 2002ல ரின்கெபிங்கற ஜூஸ் கம்பெனியோட தொடர்புள்ள 11 பேர் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் பாக்க பாரிஸ் வரைக்கும் சைக்கிள்லயே போனாங்க, ஸ்பான்சர் காசுல செலவு போக 38,000 குரோனர் (டென்மார்க் காசு) மிஞ்சிருச்சு, அதை அப்படியே அங்க ஒடென்ஸே ஊர் ஆஸ்பத்திரி குழந்தைங்க கேன்சர் வார்டுக்கு குடுத்துட்டாங்க, அதுலேர்ந்து வருஷா வருஷம் போறாங்க, இப்போ ஸ்வீடன், நார்வே மாதிரி மத்த நார்டிக் (வட ஐரோப்பா) நாடுகள்லேர்ந்தும் டீம் வருது. சுமார் 1,200 கிலோமீட்டர், எல்லாருக்கும் ஒரே மஞ்சள் டிரஸ்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா, சைக்கிள், டிரஸ் செலவெல்லாம் ஓட்டுறவங்க கைக்காசு. உள்ளூர் கடை, கம்பெனின்னு ஏறி இறங்கி வாங்குற ஸ்பான்சர் பணம்தான் நன்கொடையா போகுது. தனியா போய் "காசு குடுங்க"ன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க, ஆனா தெரிஞ்சவரு ஒருத்தரு குளிர்லயும் மழையிலயும் மாசக்கணக்கா பிராக்டிஸ் பண்றத கண்ணால பாத்தா குடுக்கத் தோணும்ல?

அதோட, குழந்தைங்களுக்கு வர்ற கேன்சர் எண்ணிக்கையில கம்மி, அதனால மருந்து கம்பெனிகளுக்கு அதுல பெருசா லாபம் கிடையாது, அங்கதான் இந்தப் பணம் நிஜமாவே கைகொடுக்குது.